ரேடியோ எதற்கு என்று கேட்டாயே

வேதாரண்யம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்ளே,

இங்கே நலம். அங்கே எல்லோரும் நலமா? உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. பேரனுக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். மூட்டுவலிக்குத் தைலத்தை மட்டும் தேய்த்துக்கொண்டு இருக்காதே, ஒரு நடை டாக்டரைப் பார்த்துவிட்டு வா.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். கையில் செல்போன் இருக்கும்போது, இந்த வயதில் மொட்டைமாடியில் கம்பி கட்டி ரேடியோவில் யாரோடு பேசுகிறாய் என்று. போனில் இதைப் பேசினால் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கஜா புயல் உனக்கு மறந்திருக்காது. 2018 நவம்பர் 16, விடியற்காலை. காற்று அடங்கியதும் கதவைத் திறந்தேன், தோப்பு இருந்த பக்கம் வெறும் வானம் தெரிந்தது. தென்னை போனதைக்கூட மனசு ஏற்றுக்கொண்டது. அடுத்த நாலு நாளைத்தான் தாங்க முடியவில்லை. செல்போனில் சார்ஜ் இருந்தது, சிக்னல் இல்லை. டவர் விழாத இடத்திலும் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரலாம் என்றால் ரோடெல்லாம் மரம். நீ அரிசி மூட்டையோடு லாரியில் வந்து இறங்கினாய். திரும்பும் வழியில் சிக்னல் கிடைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, சென்னையில் இருந்த என் மகளுக்குப் போன் போட்டாய். அதற்கப்புறம்தான் அவள் சோறு சாப்பிட்டாளாம். நான் உயிரோடு இருக்கிறேன் என்ற மூன்று சொல், அவளிடம் போய்ச் சேர ஒரு லாரி வேண்டியிருந்தது. அது என் மனதை விட்டுப் போகவே இல்லை.

அதற்குப் பிறகுதான் ஹாம் ரேடியோ பற்றி விசாரித்தேன். நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசும் ரேடியோ அது, பேசுகிறவர்களையும் ஹாம் என்றுதான் சொல்வார்கள். பரீட்சை எழுதினேன். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற லைசென்ஸ், அதற்கு மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு வேண்டாம். வி யு 3 (VU3) என்று தொடங்கும் அழைப்புக்குறி, அதாவது ரேடியோவில் என் பெயர், வந்த அன்று, பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்த்தது போல் இருந்தது.

என் செட்டுக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும். மாடியில் இருப்பது டைபோல் ஆண்டெனா. ஒரு பக்கம் 10 மீட்டர், மறுபக்கம் 10 மீட்டர் சாதாரணச் செம்புக் கம்பி, நடுவில் கேபிள். ஒரு முனை கிணற்றடி வேப்பமரத்தில், மறுமுனை தண்ணீர்த் தொட்டித் தூணில். உயரமாகக் கட்டினால்தான் நல்லது என்று நானும் நினைத்தேன். ஆனால் 40 மீட்டர் பட்டையில், அதாவது அலைநீளம் சுமார் 40 மீட்டர் இருக்கும் அலைவரிசையில், இவ்வளவு தாழ்வாகக் கட்டும்போது அலை நேராக மேலே போய், வானத்தின் உச்சியில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு, மழை மாதிரி சுற்றுவட்டாரம் முழுக்க இறங்குகிறது. சில நூறு கிலோமீட்டர் வரை பேசலாம், நடுவில் ஒரு டவரும் வேண்டாம். நாம் சின்ன வயதில் உங்கள் வீட்டுத் திண்ணையில் மணிலாவின் ரேடியோ வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டோமே, அதுவும் இதே வானத்தில் எகிறி வந்த சிற்றலைதான்.

சாட்டிலைட் போன் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, அதிகாரிகளிடம் இருக்க வேண்டியதும்தான். ஆனால் அதில் ஒருவர் இன்னொருவரோடுதான் பேச முடியும். ரேடியோவில் ஒருவர் பேசினால் பத்து ஊர் கேட்கும். கேட்கிற பத்தில் ஒருவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

அந்தமான் விஷயம் உனக்குச் சொன்னேனா? 2004 டிசம்பரில் தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். பல வருடங்களாக அந்தமானிலிருந்து ஹாம் யாரும் பேச முடியாத நிலை. விடாமல் கேட்டு அனுமதி வாங்கி, ஒரு ஹோட்டலில் ஆண்டெனா கட்டி, உலகம் முழுக்க இருக்கும் ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குக்காகப் போன பயணம். 26-ஆம் தேதி காலை ஆறரை மணி வாக்கில் பூமி குலுங்கியது, பின்னாலேயே கடல் வந்தது. தீவுகளுக்கு டெலிபோன் செத்துப்போனது. அதே செட், அதே ஆண்டெனா, அன்றிலிருந்து மெயின்லேண்டுக்குச் செய்தி அனுப்பும் நிலையமாகிவிட்டது. குழுவில் சிலர் கார் நிக்கோபாருக்கும் ரேடியோ கொண்டு போனார்கள். "நலமாக இருக்கிறார்" என்ற தகவலுக்காக எத்தனை குடும்பங்கள் காத்திருந்திருக்கும், நினைத்துப் பார். அதே சமயம் இலங்கையிலும் ரேடியோ சொசைட்டிக்காரர்கள் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கடத்தினார்கள்.

இதை நான் திரும்பத் திரும்ப நினைப்பது வேறு காரணத்துக்காக. கடல் வந்தபின் ஒரு செட்டை அங்கே அனுப்பி வைத்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்கும்? பொழுதுபோக்காகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், எந்த நேரத்தில் எந்த அலைவரிசை திறக்கும் என்று அவர்கள் காதுக்குத் தெரியும். அதனால்தான் நான் தினமும் காலை நெட்டில் உட்காருகிறேன். நெட் என்றால் இன்டர்நெட் இல்லை, ஹாம்கள் குறித்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது. எங்கள் பேச்சைக் கேட்டால் உனக்கு ஒன்றுமில்லாதது போல் இருக்கும். "இங்கே மேகமூட்டம், உங்கள் சிக்னல் ஐந்து ஒன்பது, ஓவர்." ஐந்து ஒன்பது என்றால் தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேச்சில்தான் பேட்டரி இறங்கியிருக்கிறதா, மழையில் கேபிள் இணைப்பில் நீர் இறங்கியிருக்கிறதா என்பது தெரிகிறது.

போன மாதம் ஒத்திகை வைத்தோம். நெட் கண்ட்ரோல், அதாவது நெட்டை நடத்துகிறவர், நாகர்கோவில் பக்கத்து ஹாம் ஒருவர், வயதில் என்னைவிட இளையவர். ஒரு முகாமுக்குத் தார்ப்பாய் வேண்டும் என்று எனக்குச் செய்தி வந்தது. இரைச்சல் நடுவே "பிஃப்டி" என்று கேட்டது, 50 என்று எழுதினேன். அவர் விடவில்லை, "எண்ணைத் தனித்தனியாகத் திருப்பிச் சொல்லுங்கள், ஐயா" என்றார். நான் "ஐந்து, சைபர்" என்றேன். "இல்லை. ஒன்று, ஐந்து" என்றார். பதினைந்து. அடித்துத் திருத்தி எழுதும்போது என் கை நடுங்கியது, மாப்ளே. தார்ப்பாய் பரவாயில்லை, அதுவே மருந்தின் அளவாக இருந்திருந்தால்? இப்போது வீட்டில் பால் கணக்குகூட அப்படித்தான் சொல்கிறேன், உன் தங்கச்சி சிரிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நெட்டில் கடற்கரைப் பக்கம் ஆள் இருக்கிறோம், உன் ஊர்ப் பக்கம் உள்ளே தள்ளி யாரும் இல்லை. புயல் இங்கே அடிக்கும்போது அங்கே கரண்டும் போனும் இருக்கும். நாங்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, அங்கிருந்து போன் போட ஒருவர் வேண்டும். உன் மாடியில் 20 மீட்டர் நீளக் கம்பி கட்டத் தாராளமாக இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்திருக்கிறேன். ரிடையர் ஆகி வீட்டில் இருக்கிறாய், கையெழுத்து இன்னும் முத்து முத்தாக இருக்கிறது. பரீட்சைக்கு வேண்டிய புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு தனிப் பார்சலில் அனுப்புகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் பகுதி கொஞ்சம் கடுமை, ஓம் விதியில் ஆரம்பி.

திண்ணையில் வைத்திருந்த அந்தப் பழைய ரேடியோவில் எங்களைத் தேடாதே. நாங்கள் பேசும் முறையில் அதில் வாத்து கத்துவது போலத்தான் கேட்கும். என்னிடம் பழைய ரிசீவர் ஒன்று சும்மா இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருகிறேன், பத்துப் பத்து மீட்டராக இரண்டு கம்பியும் வெட்டி எடுத்து வருகிறேன். நீ ஏணியை மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வை.

அன்புடன்,
உன் மாப்ளே

பி.கு.: உன் வீட்டு மாடியில் வடக்குப் பக்கம் கரண்ட் வயர் போகிறதே, அது சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பார்த்து எழுது. ஆண்டெனாவை அந்தப் பக்கம் கட்டவே கூடாது.