சட்டிக்கு ஒரு மூடி

அன்பு மகளுக்கு,

"இந்த வயசுல பொட்டல்ல நின்னு தீ மூட்டிக் காட்டணுமா ஆத்தா?" என்று நேற்று போனில் கோபித்துக்கொண்டாய். போனில் பேசினால் பாதியிலேயே சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அயித்தை கல்யாணத்துக்குப் பலகாரம் போட்டோமே, உனக்கு அப்போது ஒன்பது வயது. மனகோலத்துக்கு வைத்த எண்ணெய் பற்றிக்கொண்டதும் பதறிப்போய் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றியது நான்தான். என் வலது கைத் தழும்பு அன்றைக்கு வந்தது. அதன்மேல் பேனா மையை வேறு தடவினார்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டியிருக்க வேண்டும், கூடியிருந்த முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருணிக்கரைப் பொட்டலில் தீயணைப்பு நிலையத்துக்காரர்களைக் கூட்டிவைத்து அதையே செய்து காட்டச் சொன்னோம். எல்லாரையும் தள்ளி நிற்கவைத்து, நீளமான கழியின் நுனியில் ஒரு டம்ளரைக் கட்டி, எரிகிற எண்ணெயில் கவிழ்த்தார் ஒருவர். ஒரு டம்ளர் தண்ணீர்தான், ஆனால் தீ ஆள் உயரத்துக்கு மேலே எழும்பியது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, அந்தச் சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகி 1,700 மடங்கு விரிகிறதாம், அதுதான் எரிகிற எண்ணெயை அள்ளி வீசுகிறது. அப்புறம் இன்னொரு சட்டியைப் பற்றவைத்து எங்களை மூடச் சொன்னார்கள். மேலிருந்து பொத்தென்று போடக்கூடாது, மூடியைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்து, நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகத் தள்ளி மூடணும், அடுப்பை அணைக்கணும், ஆறுகிறவரை திறந்து பார்க்கக்கூடாது. நான் மூன்று தரம் மூடினேன். முதல் தரம் கை நடுங்கியது, மூன்றாவது தரம் நடுங்கவில்லை. நாற்பது வருஷமாக "எண்ணெய்த் தீயில் தண்ணி ஊத்தாதே" என்று காதால் கேட்டவள்தானே நானும்.

கோடிவீட்டு ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, பிள்ளைகள் மலேசியாவில். அடுப்புத் திருகை மட்டும்தான் இத்தனை வருஷமாக மூடிவந்திருக்கிறார், சிலிண்டர் ரெகுலேட்டரைத் தொட்டதே இல்லை. அந்தக் கணுக்கணுவான விரல்களைப் பிடித்து ரெகுலேட்டரின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு திருப்பச் சொன்னேன், ஏனென்றால் ராத்திரி கேஸ் வாடை வந்தால் லைட்டைப் போடக்கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது, அந்தச் சின்னப் பொறியே போதும். இருட்டில் தடவித்தான் மூடவேண்டும். பத்துத் தரம் திருப்பினார். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத்தான் தேங்கும், அதனால் ஜன்னலோடு நிறுத்தாமல் கதவையும் திறந்து வைக்கணும். வெளியே வந்த பிறகுதான் 1906க்குப் போன் போடணும், தீயே பிடித்துவிட்டால் 101. இரண்டு எண்ணையும் அவர் வீட்டு முகப்புச் சுவரில் பெரிசாக எழுதி வைத்திருக்கிறேன். ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீளுகிற வீடு, அடுப்படியில் கத்தினால் வாசலுக்கே கேட்காது. நம் ஊரில் இப்படி எத்தனை வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். இதை விட்டுவிட்டு என்னைச் சும்மா உட்காரச் சொன்னால் எப்படி?

பிள்ளையார் நோன்பு வருகிறது. மாவுப் பிள்ளையாரில் 21 இழைத் திரியை ஏற்றிச் சுடரோடு வாயில் போடும்போது நமக்கு நினைப்பெல்லாம் சாமி மேல், சின்னக்குட்டிகளோ பளபளவென்று நைலான் பாவாடையில் குத்துவிளக்கைச் சுற்றி ஓடும். இந்த வருஷம் எல்லாருக்கும் பருத்திதான் என்று சொல்லிவிட்டேன். உடையில் பற்றினால் ஓடாமல் அப்படியே படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருளணும். நம் வளவில் பாய் விரித்துப் பிள்ளைகளை உருளப் பழக்கினேன், அவர்களுக்கு அது ஒரே கொண்டாட்டம்.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். பெங்களூரில் உன் சமையலறையில் சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் ஆரஞ்சு கேஸ் குழாய் நீ குடிபோனபோது போட்டது. அதன்மேல் வருஷம் அச்சடித்திருக்கும். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிடு. இன்றைக்கு ராத்திரியே பார்த்து போட்டோ எடுத்து அனுப்பு. மாப்பிள்ளையையும் ஒரு தரம் ரெகுலேட்டரை மூடித் திறக்கச் சொல், கண்ணை மூடிக்கொண்டு.

உன் ஆத்தா