விசுவாசிக்கு மனச்சோர்வே வராதா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கட பேப்பரின்ட ஆன்மீகப் பக்கத்தில "உண்மையான விசுவாசிக்கு மனச்சோர்வு வராது, வந்தால் அவருடைய விசுவாசத்தில் எங்கோ குறை இருக்கிறது" எண்டு ஒரு வரி வந்திருந்தது. மற்றப்படி அந்தக் கட்டுரையில எனக்கு ஒரு கோபமும் இல்லை, எழுதினவர் நல்ல மனசோடதான் எழுதியிருப்பார். ஆனா அந்த வரியைத் தாண்டி என்னால வாசிக்க ஏலாமப் போச்சு. கலியாணம் கட்டி வந்த காலத்தில இருந்து உங்கட பேப்பர்தான் எங்கட வீட்டுக்கு வாறது, அந்த உரிமையில எழுதுறன், கோவிக்க வேண்டாம்.

எங்கட அம்மா மெதடிஸ்த், அப்பா கத்தோலிக்கம். ரெண்டு கோயிலுக்கும் போய்த்தான் வளர்ந்தனாங்கள், பாலையூற்று லூர்து மாதா திருவிழாவுக்கும் போவம், ஞாயிறு பாடசாலைக்கும் போவம். 1990 ஜூனில சண்டை திரும்பத் தொடங்கின பிறகு திருகோணமலையில என்ன நடந்தது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வருசம் என்ட தம்பியை ஒரு சுற்றிவளைப்பில கூட்டிக்கொண்டு போனவங்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை. அப்பா அவனுக்கு ஒரு இளைப்பாற்றிப் பூசை குடுப்பம் எண்டு சொல்ல, அம்மா விடவே இல்லை, பூசை குடுத்தா அவன் செத்திட்டான் எண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி எண்டு சொல்லிப்போட்டா. சாகும் வரைக்கும் அம்மா ஒவ்வொரு நாளும் முழங்காலில நிண்டவ, அழுதும் நிண்டவ, சில நாள் "ஆண்டவரே உமக்குக் காது இல்லையா" எண்டு கத்தியும் நிண்டவ. அந்த மனுசிக்கு விசுவாசத்தில குறை இருந்தது எண்டு உங்கட கட்டுரைக்காரர் என்ட முகத்தைப் பாத்துச் சொல்லுவாரா?

எனக்கு வந்தது அதுக்குக் கனகாலம் பிறகு. என்ட அவர் சீனி வருத்தம் முத்தி, கிட்னி போய், இழுத்து இழுத்துத்தான் மோசம் போனவர். பிள்ளையள் வெளிநாட்டில. செத்தவீட்டுக்கு வந்த சனமெல்லாம் போன பிறகு நான் படுத்த பாயில இருந்து எழும்பேல்ல. சாப்பிடப் பிடிக்காது, குளிக்கப் பிடிக்காது, பைபிளைத் திறந்தா எழுத்து தெரியும், ஒரு வசனமும் உள்ளுக்குப் போகாது. ஜெபம் பண்ணினா கூரையில முட்டித் திரும்பி வாறது போல இருக்கும். செத்தாப் பரவாயில்லை எண்டு நினைச்சனான், இதை மறைக்கிறதுக்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அந்த நேரம் வந்து பாத்த ஊழியக்காரர் ஒருத்தர் (பேர் வேண்டாம், இப்ப அவர் இந்த ஊரிலயும் இல்லை) அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கா எண்டு கேட்டார். பிறகு தலையில கைவைச்சு ஆவியை அதட்டினார். டொக்டர் தந்த குளிசையை நிப்பாட்டச் சொன்னார், குளிசை போட்டா நான் கர்த்தரை நம்பேல்ல எண்டு அர்த்தமாம். அவர் போன பிறகு இருட்டு இன்னும் கூடிப்போச்சு, ஏனெண்டா அதுவரைக்கும் மனம் மட்டும்தான் என்னைக் கைவிட்டது எண்டு நினைச்சனான், அதுக்குப் பிறகு கடவுளும் கைவிட்டிட்டார் எண்டு நினைச்சன். உங்கட பேப்பரில வந்த அந்த வரி அவர்ட வாயில இருந்து வந்த அதே வரி. அதாலதான் இவ்வளவு நோகுது.

என்னை எழுப்பினது எங்கட சபையில இருந்த ஒரு அன்ரி. பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு பென்சன் எடுத்தவ, அவவுக்கும் 1990இல ஒரு மகன் இல்லாமப் போனது. பின்னேரத்தில வந்து பாய்க்குப் பக்கத்தில குந்துவா, பிளேன்டி ஊத்தித் தருவா, நான் குடிக்காட்டியும் ஒண்டும் சொல்ல மாட்டா. ஒரு புத்திமதி கூட அவ சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாள் சங்கீதம் 88ஐ வாசிச்சா. நீங்களும் எடுத்து வாசிச்சுப் பாருங்கோ ஆசிரியர். மற்றப் புலம்பல் சங்கீதங்களில அனேகமா அழுது முடிய எங்கயாவது ஒரு நன்றி, ஒரு துதி வரும், இதில அது இல்லை, ஏமான் எண்ட மனுசன் தொடக்கத்தில இருந்து அழுறார், சிநேகிதரும் போயிட்டினம், தெரிஞ்சாக்களும் மறைஞ்சிட்டினம் எண்டு அழுகையிலயே முடிச்சு விடுறார். அன்ரி வாசிச்சு முடிச்சு பைபிளை மூடி வைச்சிட்டு எழும்பிப் போயிட்டா, விளக்கம் ஒண்டும் சொல்லேல்ல.

அண்டைக்கு இரவுதான் எனக்கு ஒண்டு விளங்கினது. இப்பிடி ஒரு அழுகையை, நம்பிக்கை எண்ட சொல்லே கடைசியில வராத ஒரு அழுகையை, கடவுள் தன்ட புத்தகத்திலயே இருக்க விட்டிருக்கிறார், ஆரும் அதை வெட்டி எறியேல்ல, திருத்தேல்ல. அப்பிடியெண்டா நான் இருக்கிற மாதிரியே அவருக்கு முன்னால இருக்கலாம், நல்லா இருக்கிறன் எண்டு நடிக்கத் தேவையில்லை. எனக்கு வந்த நம்பிக்கை அவ்வளவுதான். அடுத்த நாளே எழும்பிப் பாட்டுப் பாடேல்ல நான். ஆனா அண்டைக்குப் பிறகு சாகவேணும் எண்ட நினைப்பு வரேக்க அதையும் அவரிட்டயே சொல்லத் தொடங்கினன். பிறகு அதே அன்ரிதான் ஆட்டோ பிடிச்சு என்னை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவ, குளிசையைத் திரும்பத் தொடங்க வைச்சவ. குளிசை ஒரு பக்கம், ஜெபம் ஒரு பக்கம் எண்டு அவ பிரிச்சுப் பாக்கேல்ல.

எலியாவின்ட கதையும் உங்கட கட்டுரைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. கர்மேல் மலையில அக்கினியை இறக்கின அதே தீர்க்கதரிசி அடுத்த அதிகாரத்தில சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" எண்டு கேக்கிறார். கடவுள் அவரைக் கண்டிச்சு ஒரு பிரசங்கம் அனுப்பேல்ல. தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து, திரும்ப நித்திரை கொள்ள விட்டு, திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொல்லுறான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" எண்டு. அந்த அன்ரியின்ட பிளேன்டிக்கும் அந்த அடைக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்ல. எரேமியா தான் பிறந்த நாளையே சபிச்சவர். யோபுவின்ட சிநேகிதர் மூண்டு பேரும் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட இருந்த வரைக்கும் நல்ல சிநேகிதர், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் பிழைச்சது. இவ்வளவும் ஏன், கெத்செமனேயில ஆண்டவரே "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" எண்டு சொல்லி மூண்டு சீஷரிட்ட தன்னோட முழிச்சிருக்கச் சொல்லிக் கேட்டவர். அவரிட்டயும் விசுவாசக் குறையா? அன்னை தெரேசா தன்ட உள்ளுக்க இருந்த இருட்டைப் பற்றிக் கனவருசமா எழுதின கடிதங்கள் 2007இல வெளியில வந்தது, அதெல்லாம் தெரிஞ்சும்தான் 2016இல திருச்சபை அவவைப் புனிதை எண்டு அறிவிச்சது.

இது இண்டைக்கு நேற்று வந்த நோவு இல்லை ஆசிரியர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கின்னியாவிலயும் மூதூரிலயும் நிலாவெளியிலயும் சனம் பிள்ளையளைத் தேடிக்கொண்டு திரியேக்க, இது கடவுளின்ட தண்டனை எண்டு துண்டுப்பிரசுரம் குடுத்துத் திரிஞ்சவையை நான் என்ட கண்ணால கண்டனான். 2019 உயிர்த்த ஞாயிறு அண்டு மட்டக்களப்பு சீயோன் சபையில குண்டு வெடிச்சு, ஞாயிறு பாடசாலை முடிஞ்சு நிண்ட பிள்ளையள் செத்த பிறகு, ஒரு கிழமை போகேக்குள்ளயே "மன்னியுங்கள், மகிழுங்கள்" எண்டு பேப்பர்களில எழுதினவை. மன்னிக்கத்தான் வேணும், நான் அதுக்கு எதிரில்லை, ஆனா அந்தத் தாய்மாரை அழ விடாமல் அவசரப்படுத்த ஆருக்கு உரிமை இருக்கு?

எங்கட சொந்தத்தில ஒரு பெடியன் தன்ட உயிரைத் தானே எடுத்தவன். பெட்டியைக் கோயிலுக்குள்ள கொண்டுபோக விடேல்ல. தாய் வெளியில மதிலோட நிண்டு அழுதவ. கத்தோலிக்கத்தின்ட 1917 சட்டத்தில அந்தத் தடை இருந்தது, 1983இல வந்த புதுச் சட்டத்தில இல்லை. 1992 மறைக்கல்வி நூலிலயும் அப்பிடி இறந்தவையின்ட மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது எண்டுதான் கிடக்கு. இந்த நாட்டின்ட சட்டமே 1998இல உயிர்விட முயற்சிக்கிறதைக் குற்றம் இல்லை எண்டு ஆக்கிப்போட்டுது, எங்கட சில கோயில் வாசல்களுக்குத்தான் இன்னும் அந்தச் செய்தி வந்து சேரேல்ல. தொண்ணூறுகளின்ட நடுவில உலகத்திலயே தற்கொலை கூடின நாடுகளில எங்கட நாடும் ஒண்டு எண்டு உங்கட பேப்பரிலதான் நான் வாசிச்சனான். அப்பிடி ஒரு நாட்டில, மகன் வருவான் எண்டு இண்டைக்கும் காத்திருக்கிற தாய்மார் உள்ள மாவட்டத்தில, மனம் உடைஞ்ச சனத்தைப் பாத்து "உனக்கு விசுவாசம் காணாது" எண்டு அச்சில போடலாமா? அந்த வரியை நான் எழும்பி நடமாடுற இந்தக் காலத்தில வாசிச்சபடியா கோபத்தோட கடிதம் எழுதுறன். அண்டைக்குப் பாயில படுத்திருந்த என்ட கையில அது கிடைச்சிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும். இண்டைக்கும் எங்கயோ ஒரு வீட்டில ஒருத்தி அப்பிடிப் படுத்திருப்பாள், அவளின்ட வீட்டுக்கும் உங்கட பேப்பர் போகும்.

கட்டுரை எழுதினவர் மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு நான் கேக்கேல்ல. அந்தப் பக்கத்தின்ட அடியில ஒவ்வொரு ஞாயிறும் 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கத்தைப் போடுங்கோ, கண் தெரியாத வயசானவைக்கும் தெரியுற மாதிரிப் பெரிய எழுத்தில. நகை அடகுக்கடை விளம்பரத்துக்கு விடுற இடத்தில கால்வாசி காணும். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போடுவீங்கள் எண்டா, மற்றதை எல்லாம் வெட்டினாலும் அந்த இலக்கத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருகோணமலை