உள்ளங்கையைக் காட்டுங்கள்: சாலைச் சோதனைக்கு வீரர்களைப் பயிற்றுவிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தைப்பூசத்தன்று காலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சாட்ஸ்வொர்த்தைவிட்டு வெளியேறும் சாலையில், காவலரும் படைவீரரும் சேர்ந்து நடத்திய வாகனச் சோதனையில் என் தந்தைக்கு நேர்ந்ததைத் தாங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். நான் அனுப்பிய இரண்டு முறையீடுகளும் தங்கள் கைக்கு வந்து சேர்ந்தன என்பதற்கு ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. முதல் முறையீட்டுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, சம்பந்தப்பட்ட வீரர் விதிமுறைப்படியே நடந்துகொண்டார் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை நான் நம்புகிறேன். கற்றுக்கொடுத்தபடிதான் அந்த இளைஞர் நடந்திருப்பார். ஆகவே அவர்மேல் ஒரு சொல்லும் குறை கூறாமல், அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்த தங்களுக்கு, ஊர் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன். இதையே ஆங்கிலத்திலும் ஜூலு மொழியிலும் எழுதித் தங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். எந்தப் பிரிவு, எந்த அதிகாரி என்ற விவரங்கள் அங்கே இருக்கின்றன, இங்கே வேண்டாம்.

என் கோரிக்கை இதுதான்: பொதுமக்களின் வண்டியை நிறுத்தும்போது முஷ்டியை உயர்த்தாமல் உள்ளங்கையைக் காட்டவும், ஓர் ஆளைக் குறிக்கும்போது ஒற்றை விரலை முகத்துக்கு நேரே நீட்டாமல் முழுக்கையால் காட்டவும் தங்கள் வீரர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

அன்று காலை என் தந்தை பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள தம் பழைய பக்கி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 78. நெற்றியில் திருநீறு, தோளில் மஞ்சள் துண்டு. கோயிலில் என் தம்பி மகன் முதல்முறையாகக் காவடி எடுக்கவிருந்தான். பக்கத்து இருக்கையில் நான் பால் செம்பை மடியில் வைத்து, மேலே கட்டிய துணி நழுவாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்னே போன வண்டிகள் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். சாலையோரம் நின்ற வீரர் எங்களைப் பார்த்து வலக்கையை மடக்கி, முஷ்டியைத் தலைக்குமேல் உயர்த்தினார்.

படையில் அந்தச் சைகைக்கு 'அசையாதே' என்று பொருள் என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ரோந்து போகும் வீரர்கள் சத்தமில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி அது. என் தந்தைக்குத் தெரிந்த முஷ்டி வேறு. 1983இல் நிறவெறி ஆட்சியை எதிர்த்து ஐக்கிய ஜனநாயக முன்னணி தொடங்கியபின், 1984இல் இந்தியருக்கென்று ஒரு தனிச் சபையைக் காட்டிக் கறுப்பின மக்களிடமிருந்து எங்களைப் பிரித்த மூன்று அவை நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர். 'அமாண்ட்லா' (அதிகாரம்) என்று ஒருவர் முஷ்டியை உயர்த்தினால் 'அவேத்து' (நமதே) என்று தம் முஷ்டியை உயர்த்துவது அவருக்கு மூச்சு விடுவதுபோல. 1990 பிப்ரவரி 11ஆம் நாள் மண்டேலா சிறையிலிருந்து நடந்து வெளியே வந்தபோது உயர்த்திய கையை உலகமே பார்த்தது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுத மனிதர், சீருடை அணிந்த ஒரு கறுப்பின இளைஞர் தம்மைப் பார்த்து முஷ்டியை உயர்த்தியதும் என்ன நினைத்திருப்பார்? முகம் மலர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே தம் வலக்கையை நீட்டி, முஷ்டியை உயர்த்தி, 'அவேத்து' என்றார். வண்டி மெல்ல உருண்டுகொண்டே இருந்தது.

மூன்று நான்கு மீட்டர் போயிருக்கும். துப்பாக்கி அந்த வீரரின் தோளுக்கு ஏறியது. நான் கத்தினேன். என் தந்தை பிரேக்கை மிதித்த வேகத்தில் செம்பு சாய்ந்து, பால் முழுவதும் என் சேலையிலும் காலடி விரிப்பிலும் கொட்டியது. வீரர் கதவருகே வந்து ஆள்காட்டி விரலை என் தந்தையின் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த விரல் நுனிக்கும் அவருடைய மூக்குக்கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. விரல் அசைய அசைய அவர் கண்ணும் அதன் பின்னே அசைந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இறங்கு என்று விரல் சொன்னது, இறங்கினார். அங்கே நில் என்று விரல் சொன்னது, நின்றார். வரிசையில் பின்னால் வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், அவரை மாமா என்றும் தாத்தா என்றும் கூப்பிடுகிறவர்கள். ஆவணங்களைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் போகச் சொல்லிவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. உங்கள் விதிமுறையின் கணக்கில் தவறாக எதுவும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் பிள்ளை கையைத் தூக்கினானே அம்மா, நான் என்ன தப்பாகப் புரிந்துகொண்டேன்?" அன்று முதல் அவர் வண்டிச் சாவியைத் தொடவில்லை. மாலையில் முன்வராந்தாவில் உட்காரும்போது இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறார். தெருவில் போகிறவர்கள் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைக்கிறார்.

அதிகாரிகளே, விரல் நீட்டுவது எங்களுக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைக்கு வந்தது முதல், கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலியாக வந்த எங்கள் முன்னோர் பதிவேட்டில் எண்களாக இருந்தார்கள். எண்ணாக இருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை, விரலை நீட்டினால் போதும். என் தந்தை பிறந்த மேகசின் பாரக்ஸ் நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பைக் காலிசெய்து குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோதும், இந்த வீடு, அடுத்து அந்த வீடு என்று அதிகாரிகளின் விரல்தான் சொன்னது என்பார் அவர். 1985 ஆகஸ்ட் 15ஆம் நாள் இதே டர்பன் நகர மண்டபத்தில் நிறவெறி ஆட்சியின் அதிபர் பி. டபிள்யூ. போத்தா பேசிய பேச்சை இந்த நாடு மறக்கவில்லை. அந்த மனிதர் பெயரைச் சொன்னாலே பலருக்கு முதலில் நினைவு வருவது அவர் ஆட்டிய ஆள்காட்டி விரல்தான். அந்த விரலோடு எந்த உறவும் இல்லாத ஒரு தலைமுறை இளைஞருக்கு அதே அசைவைத் தாங்கள் ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்?

எங்கள் மொழியில் சுட்டுவதற்கே மரியாதை வரம்பு உண்டு. தொலைவில் நிற்கும் பெரியவரைக் குறித்து 'அவன்' என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் 'அவர்' என்று திருத்தாமல் எந்தத் தாயும் விடமாட்டாள். நான் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளைச் சொல்லித்தரும்போது, பொருளைக் காட்ட விரலை நீட்டலாம், மனிதரைக் காட்டக் கையை விரித்து நீட்டு என்று சேர்த்தே சொல்லித்தருவேன். பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அது அழுகிவிடும் என்று என் ஆயா என் கையைத் தட்டிவிடுவார். பிஞ்சுக்கே ஆகாத விரல் பெரியவருக்கு ஆகுமா?

அந்த வீரரின் வீட்டிலும் இது புதிதல்ல. எங்கள் தெருவில் இருபது ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டில் வாழும் ஜூலு அம்மையாரிடம் நடந்ததைச் சொன்னேன். கல்லறையை விரல் நீட்டிக் காட்டினால் விரல் அழுகிப்போகும், காட்டியே தீரவேண்டுமென்றால் விரல்களை மடக்கி முட்டியால் காட்டு என்று தம் பாட்டி சொல்வாராம். பெரியவர் தருவதை இரு கையாலும் வாங்குவதும், அவர் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் தவிர்ப்பதும் 'ஹ்லோனிபா' என்னும் அவர்கள் மரியாதை முறையில் அடக்கம். அந்த இளைஞர் தம் சொந்தத் தாத்தாவின் முகத்துக்கு நேரே விரல் நீட்டியிருக்கவே மாட்டார் என்று அந்த அம்மையார் அடித்துச் சொன்னார். அப்படியென்றால் வீட்டில் கற்றதைப் பாசறையில் யாரோ மறக்கடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. கடையில் மிச்சக் காசை இடக்கையால் நீட்டுகிற, வேலைக்கு வருகிற வயதான ஜூலுப் பெண்மணியை விரலசைத்துக் கூப்பிடுகிற தமிழர்களை நான் பார்த்திருக்கிறேன், என் வகுப்பில் கண்டித்தும் இருக்கிறேன். ஆனால் எங்கள் கையில் துப்பாக்கி இல்லை.

துப்பாக்கி இருக்கும் இடத்தில்தான் சைகை உயிர்ப்பிரச்சினை ஆகிறது. 1992இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் அப்போதைய அமெரிக்க அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ் காருக்குள்ளிருந்து வெற்றிச் சின்னம் என்று நினைத்து இரு விரலை விரித்துக் காட்டினார். புறங்கை வெளியே தெரியக் காட்டியதால் அந்த ஊரில் அது வசையாகிவிட்டது. செய்தித்தாள்கள் எழுதின, அதோடு போயிற்று. 2003க்குப் பின் ஈராக்கில் அமெரிக்கப் படையின் சோதனைச்சாவடிகளிலோ, வீரர் காட்டிய சைகை புரியாமல் வண்டியை நிறுத்தாத குடும்பங்கள் சுடப்பட்டன. வீரர் தமக்குப் பழகிய மொழியில் நில் என்று சொன்னார். வண்டியோட்டிக்கு அந்த மொழி தெரியாது. தைப்பூசத்தன்று எங்களுக்கும் அதற்கும் நடுவே இருந்தது என் கத்தலும் ஒரு பழைய பிரேக்கும்தான்.

உள்ளங்கை எல்லா நாட்டிலும் பொதுவான சைகை என்று நான் சொல்லவரவில்லை. கிரேக்கரிடம் விரல்களை விரித்து முகத்துக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினால் அது வசை. ஆனால் இந்த நாட்டில் ஓட்டுநர் உரிமத்துக்குப் படிக்கும் ஒவ்வொருவரும் போக்குவரத்துக் காவலரின் 'நில்' சைகையைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்கிறோம், அதில் இருப்பது திறந்த உள்ளங்கை. என் தந்தைக்கும் அது தெரியும். அந்த வீரர் உள்ளங்கையைக் காட்டியிருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும், செம்பில் பால் இருந்திருக்கும். விரலுக்கு மாற்றும் படைக்குப் புதிதல்ல. பல படைகளில் பயிற்சியாளர்களே ஒற்றை விரலைத் தவிர்த்து, ஐந்து விரலையும் சேர்த்து நீட்டித்தான் திசை காட்டுகிறார்கள். மலாய் மக்கள் நான்கு விரலையும் மடக்கி வலக்கைக் கட்டைவிரலால் காட்டுவார்கள். வழி இல்லாமல் இல்லை.

கைகளின் மொழியை இந்த நாட்டைப்போல மதித்த நாடுகள் குறைவு. மினிபஸ் டாக்சியை நிறுத்த மக்கள் காட்டும் விரல்களுக்கு 2010இல் அஞ்சல்தலை வெளியிட்டோம். 2023 ஜூலையில் தென்னாப்பிரிக்கச் சைகை மொழியைப் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆக்கினோம். ஐ.நா. அமைதிப்படைக்குப் புறப்படும் வீரர்களுக்கு, போகும் நாட்டு மக்களின் பண்பாட்டை மதிக்கும் பாடம் முன்பயிற்சியிலேயே இருக்கிறது. காங்கோவுக்குப் போன வீரருக்கு இருந்த அந்தப் பாடம் சாட்ஸ்வொர்த்துக்கு வரும் வீரருக்கு உண்டா? இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 199(5)ஆம் உட்பிரிவு, பாதுகாப்புப் படைகள் அரசமைப்பின்படி நடக்க வேண்டும் என்பதோடு, அப்படி நடக்கத் தம் உறுப்பினர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும் என்கிறது. ஒவ்வொருவருக்கும் இயல்பாகவே மாண்பு உண்டு, அது மதிக்கப்பட வேண்டும் என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. கற்றுக்கொடுப்பது தங்கள் கடமை என்று சட்டமே எழுதி வைத்திருக்கும்போது, விதிமுறைப்படியே நடந்தார் என்ற இரண்டு வரி எனக்குப் பதிலாகாது.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மீண்டும் கேட்கிறேன். வண்டியை நிறுத்த உள்ளங்கையைக் காட்டச் சொல்லுங்கள். ஆளைக் குறிக்க முழுக்கையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். சோதனை நடக்கும் இடத்துக்கு நூறு மீட்டர் முன்னாலேயே 'நில்' என்று படத்தோடு ஒரு பலகை வையுங்கள். இதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ வேண்டாம், ஒரு முற்பகல் வகுப்புப் போதும். அந்த வகுப்புக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் பக்கத்து வீட்டு அம்மையாரும் வருகிறோம்.

என் தந்தையும் வரச் சம்மதித்திருக்கிறார். அந்த இளைஞரைத் தண்டிக்க வேண்டாம் என்று தங்களுக்கு எழுதச் சொன்னவரும் அவரே. வகுப்பில் அந்த வீரரைப் பார்க்க முடிந்தால், 1984இல் தாம் எதற்காக முஷ்டியை உயர்த்தினார் என்று உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்கிறார். வண்டியை நான் ஓட்டிவருவேன். நாளையும் இடத்தையும் தெரிவித்து ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்.