யாஷிகாவை விற்கும் முன் பின்மூடியைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பாஸ்போர்ட் படம் முதல் கல்யாண குரூப் போட்டோ வரை எடுத்த இரட்டை லென்ஸ் கேமராக்களை ஸ்டுடியோக்காரர்கள் அலங்காரப் பொருளாக விற்றுவிடுவது வருத்தமாக இருக்கிறது. 1970இல் வந்த யாஷிகா மேட் 124 ஜி போன்றவற்றுக்கு இன்னும் ஆயுள் உண்டு. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இல்லாமல் போனாலும், கோடாக்கும் இல்போர்டும் இந்தக் கேமராவுக்கான 120 என்ற அளவு பிலிம் ரோலைத் தயாரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள். ஒவ்வொரு நெகட்டிவும் 35 மி.மீ. நெகட்டிவைவிட மூன்றரை மடங்குக்கு மேல் பெரியது. பெரிதாகப் பிரிண்ட் போட்டால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

விற்கும் முன் பின்மூடியையும் ஷட்டரையும் திறந்து வைத்து, பூஞ்சை இருக்கிறதா என்று கீழ் லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். படம் எடுப்பது கீழ் லென்ஸ்தான், மேல் லென்ஸ் பார்ப்பதற்கு மட்டும். மேல் லென்ஸில் கொஞ்சம் பூஞ்சை இருந்தால் பார்வை மங்குமே தவிர படம் கெடாது. அடுத்து ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து அழுத்துங்கள். இழுத்துக்கொண்டே போனாலோ பாதியில் நின்றாலோ, மெதுவான வேகங்களுக்கான பற்சக்கரங்களில் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று பொருள். மெக்கானிக் பிரித்துச் சுத்தம் செய்தால் சரியாகும். தையல் மெஷின் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது ஷட்டர் இதழ்களில் பரவி ஒட்டிக்கொள்ளும். தானாகப் படம் எடுக்க உதவும் டைமர் நெம்புகோலையும் தொட வேண்டாம். அது சிக்கினால் ஷட்டரே நின்றுவிடும். பின்மூடி ஓரத்து ஸ்பாஞ்ச் கறுப்புப் பசையாக உருகியிருந்தால் சுரண்டி எடுத்துப் புதிது ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் கசியும்.

இதன் லைட் மீட்டர் 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்கு அமைத்தது. அது இப்போது தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டுபோகும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் பேட்டரியை ஒரு வளையம் வைத்துப் பொருத்தினால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். நல்ல வெயிலில் மீட்டரே தேவையில்லை: 100 ஐஎஸ்ஓ வேகமுள்ள பிலிமுக்கு லென்ஸ் துவாரம் எஃப் 16, ஷட்டர் 1/125 விநாடி.

ரோலை நிழலில் மாட்டுங்கள். காலி ஸ்பூல் மேலே, புது ரோல் கீழே. உள்ளே இருக்கும் அழுத்துத் தகடு 12 என்ற நிலையில் இருக்க வேண்டும். 24 என்பது, பிலிமுக்குப் பின்னால் காகிதத் தாள் இல்லாத 220 ரோலுக்கு. தாளிலுள்ள அம்புக்குறி கேமராவின் தொடக்கக் குறிக்கு நேராக வந்த பிறகே மூடியைச் சாத்துங்கள், தவறினால் முதல் படமோ கடைசிப் படமோ போய்விடும். முடிந்த ரோலை எடுக்கும்போது தாள் தளர விடாமல் விரலால் இறுக்கிப் பிடித்து ஒட்டுங்கள். தளர்ந்த ரோலில் வெளிச்சம் புகுந்து ஓரங்கள் கெட்டுவிடும்.

கழுவும்போதுதான் நம் ஊர் வெப்பம் சோதிக்கிறது. பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் திரவமான டெவலப்பர், 20 டிகிரியில் 10 நிமிடம் பிடித்தால் 24 டிகிரியில் ஏறக்குறைய 7 நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். கோடைக் குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போய், நெகட்டிவில் திட்டுத்திட்டாக விழும். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் தண்ணீர் வாளியில் வைத்துக் குளிர வையுங்கள். ஐஸை டெவலப்பரிலேயே போட்டால் நீர்த்துப் போகும். டி-76 என்ற டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் நேரம் நீளும், கட்டுப்படுத்துவதும் எளிது. பிலிம் கழுவும் பேட்டர்சன் டேங்கில் 120 ரோலுக்கு 500 மி.லி. தேவை, குறைந்தால் பிலிமின் மேல் விளிம்பு வெளிறிவிடும். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சரும் கழுவும் தண்ணீரும் டெவலப்பருக்கு ஓரிரு டிகிரிக்குள் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் கேமராவைத் தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துப் பூஞ்சையை வளர்க்கும். இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, வாரம் ஒருமுறை வெளியே எடுத்து ஷட்டரை எல்லா வேகங்களிலும் ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்