அணாவும் படியும் போன ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பதுகளில் நம் சிற்றூர்கள் மாறிய விதம் குறித்துத் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, மின்விளக்கையும் பேருந்தையும் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, நாணயமும் அளவைகளும் மாறியதை ஒரே வரியில் கடந்திருந்தது. அந்த வரியிலும், எழுத்தறியாத மக்கள் புதுக் கணக்குப் புரியாமல் திணறியதாகத் தீர்ப்பு எழுதியிருந்தது. அந்நாளில் வாரச்சந்தையில் தந்தையாரின் தானியக் கடையில் கூடமாட உதவிக்கொண்டிருந்த சிறுவன் என்ற முறையில் இதை மறுக்க விரும்புகிறேன்.

1957 ஏப்ரல் 1 அன்று, ரூபாயை நூறாகப் பிரித்த நயா பைசா, அதாவது புதுப் பைசா, புழக்கத்துக்கு வந்தது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. ரூபாயில் பாதி எட்டணா, அதில் பாதி நாலணா, பிறகு இரண்டணா, ஓரணா. பழைய கணக்கு வாய்பாட்டு நூலான எண்சுவடியின் மொழியில் சொன்னால் அரை, கால், அரைக்கால், மாகாணி. படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்ற முகத்தலளவையும் இப்படியே பாதி பாதியாக இறங்கியதால், படியின் விலை தெரிந்தால் ஆழாக்கின் விலையை, பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாத மூதாட்டியும் மூன்று முறை பாதியாக்கி மனத்துக்குள்ளேயே கண்டுவிடுவார். நூறைப் பாதியாக்கிக்கொண்டு போனாலோ, ஐம்பது, இருபத்தைந்து என்று இறங்கிப் பன்னிரண்டரையில் முட்டிக்கொள்ளும். தலைமுறைகளாகப் பழகிய ஒரு கணித முறையின் காலடியிலிருந்து நிலம் உருவப்பட்டதை அறியாமை என்று சொல்வது நியாயமாகாது.

அணாவைப் பைசாவாக்கும் பட்டியல் இன்னொரு சிக்கல். ஓரணா என்பது துல்லியமாக 6.25 பைசா, பட்டியலில் அது 6. காலணாவோ 2 பைசா. ஆக, ஓரணாச் சரக்கை ஒரே தடவையில் வாங்கியவர் 6 பைசா கொடுத்தார். கையில் காசு சேரச் சேரக் காலணாவுக்கு நான்கு தடவை வாங்கியவர் 8 பைசா கொடுத்தார். கடை முன் நின்று என் தந்தையாரிடம் வாதாடிய பெண்கள் இந்த இரண்டு பைசாவைத்தான் கேட்டார்கள். கணக்கு நன்றாகப் புரிந்ததால்தான் கேட்டார்கள்.

அளவைகள் விஷயத்தில் மாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக வந்தது. நாற்பது பலம் கொண்ட வீசை என்ற பழைய எடை, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. அதை மறப்பது பெரிய காரியமாக இல்லை. ஆனால் படியால் அளந்த தானியம் தராசுக்கு ஏறியது உண்மையிலேயே பெரிய மாற்றம். உழவரிடம் வாங்கும்போது குவித்தும், விற்கும்போது தலை வழித்தும் அளக்கும் வித்தை அத்தோடு ஓய்ந்தது. எங்கள் கடையிலும் அந்த வித்தை நடந்ததுண்டு, மறைப்பதற்கில்லை.

1964இல் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசாவான பின்னரும், இருபத்தைந்து பைசா நாணயம் 2011 ஜூன் இறுதியில் செல்லாததாகும் வரை அதை நாலணா என்றே பலரும் அழைத்துவந்தோம். பழைய கடைகளின் பேரேடுகள் சில வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கக்கூடும். கட்டுரையாளர் இனி எழுதும்போது அவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்