முகவரி இல்லாதவர்களுக்கு அடையாள அட்டை கிடைக்க வழிசெய்யக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

திருகோணமலை பஸ் நிலையத்தைச் சுற்றியும் கடைத் திண்ணைகளிலும் இரவில் படுப்பவர்களுக்கு எங்கள் சங்கம் கிழமையில் மூன்று நாள் சாப்பாடு கொடுத்து வருகிறது. 2022 இல் அரிசிக்கும் சமையல் காஸுக்கும் ஊரே அலைந்த நேரம், நாலைந்து வீடுகள் சேர்ந்து தொடங்கிய வேலை. இப்போது கோயில் அன்னதானத்தில் ஒரு பங்கு வருகிறது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி வருகிறது. தேவாலயத்துப் பிள்ளைகள் உடுப்புச் சேர்த்துத் தருகிறார்கள். சோற்றை எப்படியோ பார்த்துக்கொள்கிறோம். அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் கையில் இல்லை.

மூதூர்ப் பக்கம் இருந்து 2006 இல் இடம்பெயர்ந்த வயதான ஐயா ஒருவர் அங்கே படுக்கிறார். தன் அட்டையை ஷொப்பிங் பையில் மூன்று சுற்றுச் சுற்றி இடுப்பில் வைத்திருக்கிறார். விரித்துக் காட்டினார். உள்ளே மழைத் தண்ணீர் இறங்கி, படமும் இல்லை, இலக்கமும் இல்லை. புது அட்டைக்குக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டுமே, அதனால் நாங்களே கூட்டிக்கொண்டு போனோம். ஓரிடத்தில் "இங்கே பதிவு இல்லை" என்றார்கள். மற்ற இடத்தில் "இப்போது இங்கே இருப்பவர் இல்லையே" என்றார்கள். ஐயா ஒன்றும் பேசவில்லை. பையைத் திரும்பவும் மூன்று சுற்றுச் சுற்றிச் சொருகிக்கொண்டார். எங்களுக்குத்தான் மனம் ஆறவில்லை.

அட்டை இல்லாமல் வங்கிக் கணக்குத் திறப்பது கஷ்டம். கணக்கு இல்லாதவருக்கு 2023 ஜூலையில் தொடங்கிய அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு எப்படிக் கிடைக்கும்? மிகவும் வறியவர்களுக்கென்றே வந்த உதவி அது.

ஆகவே, நகரில் ஒரு நாள் நடமாடும் சேவை வையுங்கள். கிராம உத்தியோகத்தர், ஆட்பதிவு, பிறப்புப் பதிவு, சமூக சேவை எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஆட்களைக் கூட்டி வருவது, படிவம் நிரப்புவது, படம் எடுக்கும் செலவு எங்கள் பொறுப்பு. கடிதத் தொடர்புக்கு எங்கள் சங்க மண்டப முகவரியை ஏற்றுக்கொள்ள அனுமதி தாருங்கள். ஏமாற்று நடக்குமோ என்று அதிகாரிகள் யோசிப்பது நியாயம்தான். யார், எந்த ஊர், எப்போதிலிருந்து இங்கே என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். அதைப் பார்வைக்குத் தருகிறோம், பொலிஸாரும் சரிபார்க்கட்டும்.

அப்புறம், ஐப்பசியில் மாரி தொடங்கினால் திண்ணையிலும் சாரல் அடிக்கும். பாவனையில் இல்லாத அரச கட்டடம் ஒன்றின் விறாந்தையையாவது தை மாதம் வரை இரவுக்கு மட்டும் தந்தால் போதும். கூட்டித் துடைத்துக் காலையில் ஒப்படைப்போம். இந்தத் திண்ணைகளில் இரண்டு பெண்களும் படுக்கிறார்கள். அவர்கள் நிலையை எழுத்தில் வைக்க விரும்பவில்லை, நேரில் சொல்கிறோம்.

மாரிக்கு முன் எங்களைச் சந்திக்க ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், அங்கத்தவர்கள்,
நற்பணிச் சங்கம், திருகோணமலை.

பிரதி: பிரதேச செயலாளர், பட்டினமும் சூழலும்.