காக்கைத்தீவுக் கரைக்கு ஒரு ஆமை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை பெய்து இரண்டு நாள் கழித்து மட்டக்குளி காக்கைத்தீவு கடற்கரைப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். களனி கங்கை கொண்டுவந்து தள்ளியதெல்லாம் அப்படியே கிடக்கும்: போத்தல்கள், ரெஜிபோம் துண்டுகள், அறுந்த நைலோன் வலை, ஒற்றைச் செருப்புகள். போன கிழமை என் மகள் ஒரு நீலச் செருப்பைத் தூக்கிக் காட்டினாள், அதன் அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி ஒட்டியிருந்தது, எத்தனை மாதம் கடலில் மிதந்ததோ.

அள்ளி லொறியில் ஏற்றினால் சரி, கரை சுத்தமாகிவிடும், ஆனால் அடுத்த மழைக்குத் திரும்பவும் வரும், யாருக்கும் எதுவும் உறைக்காது. அந்தக் குப்பையையே எல்லோர் கண்ணிலும் படும் சிற்பமாக்கி இந்தக் கரையில் வைக்கலாம் என்பது என் யோசனை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பாண்டன் என்ற சிறு ஊரில் 2010இல் ஒரு ஓவிய ஆசிரியை தொடங்கிய திட்டத்தில், கரையொதுங்கிய பிளாஸ்டிக்கைக் கழுவி, நிறம் நிறமாகப் பிரித்து, கம்பிச் சட்டத்தில் கட்டி, ஆள் உயரத்துக்கும் மேலான மீன்களும் பறவைகளும் செய்கிறார்கள். வேலையில் பெரும்பங்கு சாதாரண ஊர்மக்களுடையது.

இங்கேயும் செய்யலாமே. 2021இல் இரசாயனங்களும் பிளாஸ்டிக் மணிகளும் ஏற்றிவந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அருகே கடலில் எரிந்து மூழ்கிய பிறகு எத்தனை ஆமைகள் செத்துக் கரையொதுங்கின என்பதை நாம் மறக்கக் கூடாது. அதனால் முதலில் ஒரு ஆமைச் சிற்பம் செய்வோம். பாடசாலைப் பிள்ளைகள் மூடிகளைப் பொறுக்கித் தருவார்கள், வலை முடியத் தெரிந்த மீனவர்கள் முகத்துவாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாநகர சபை பூங்காவில் கொஞ்சம் இடமும், பொருட்களைக் கழுவத் தண்ணீரும் தந்தால் போதும். வெயிலில் உக்கி மறுபடி துகளாகக் கடலுக்குப் போகாதபடி வருடா வருடம் பார்த்துப் பழுதானதை மாற்ற வேண்டும், அதற்கும் ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டும்.

ஒரு தாய்,
மட்டக்குளி, கொழும்பு 15